கை இரவலாகலாம், விஷயம் இரவலாகலாமா?

மும்பை ஜி.பி.ஓ.வுக்கு எதிரே, தார்ப்பாய் நிழலில் சிறு மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கடிதம் எழுதுபவர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் மணியார்டர் பாரம் நிரப்புவார்கள். பார்சலைத் துணியில் வைத்துத் தைத்துத் தருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடிதமும் எழுதித் தருவார்கள். பேனாவை எடுத்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன எழுத வேண்டும்?" என்பதுதான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எதிரில் நிற்பவர். தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, லீவு கிடைக்குமா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று அவர் சொல்லச் சொல்ல, மற்றவர் எழுதுவார். கைதான் இரவல், விஷயம் சொந்தம்.

இந்தப் பழைய நினைவைக் கிளப்பியவர், சென்ற மழைக்காலத்தில் நம்மைப் பார்க்க வந்த ஓர் இளைஞர். திருநெல்வேலிப் பக்கம். டோம்பிவிலியில் வாசம், பிவண்டியில் ஒரு கிடங்கில் டெஸ்பாட்ச் குமாஸ்தா. "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். உத்தியோகஸ்தர்கள் கூடும் ஒரு வலைத்தளத்தில் அவர் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு பதிவு. தலைமை என்பது பதவியல்ல, மனப்பான்மை என்று தொடங்கி, வாழ்க்கைப் பயணம் கற்றுத் தந்த மூன்று பாடங்களோடு முடிந்தது. கீழே வரிசையாகப் பாராட்டுகள்.

"நீங்க எழுதினதா தம்பி?"

"ஏ.ஐ. எழுதினது, அண்ணாச்சி. தலைமைப் பண்பு பத்தி எழுதுன்னேன். பத்து செகண்டுல வந்துட்டு."

"பாராட்டினவங்க?"

சிரித்தார். "அதுலயும் பாதி அப்படித்தான் இருக்கும்."

இது அவர் ஒருவர் கதையல்ல. இத்தகைய தளங்களில் மிகப் பெரியது லிங்க்ட்இன். 2003-ல் தொடங்கிய அதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016-ல் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே பதிவுகளின் போக்கே மாறிற்று. ஏ.ஐ. எழுத்தைக் கண்டறியும் ஒரு நிறுவனம் 2024-ல் ஆராய்ந்தபோது, நீளமான ஆங்கிலப் பதிவுகளில் சுமார் 54 சதவீதம் இயந்திரம் எழுதியதாகவே இருக்கும் என்று கணித்தது. பதிவை மெருகேற்றித் தரும் ஏ.ஐ. வசதியை லிங்க்ட்இன் தானே கொடுத்துப் பார்த்தது. எதிர்பார்த்த அளவுக்கு அதை உறுப்பினர்கள் விரும்பவில்லை என்று அதன் தலைமை நிர்வாகியாக இருந்த ரையான் ரோஸ்லான்ஸ்கியே 2025-ல் ஒப்புக்கொண்டார்.

இயந்திரம் எழுதினால் ஏன் இப்படி ஒரே மாதிரி வருகிறது? கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய அது, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டே எழுதுகிறது. நாம் விவரம் எதுவும் கொடுக்காவிட்டால், ஊரார் பலரும் எழுதியதன் சராசரியைத்தான் அது திருப்பித் தரும். பிவண்டிக் கிடங்கில் நடந்ததை அதற்குச் சொன்னவர் யார்?

நம் முன்னோர்களும் அச்சு வாசகம்தானே எழுதினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ரயிலேறிப் பம்பாய் வந்தவர்களின் மனுக்களெல்லாம், தங்கள் அலுவலகத்தில் வேலை காலியிருப்பதாக அறிந்து என்றுதான் தொடங்கின. ஆனால் அந்த மனுவை நம்பி யாரும் வேலை கொடுத்துவிடவில்லை. மெஷின் முன் உட்காரவைத்து, டிக்டேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். மனு கதவைத் தட்டியது. கை வேலை வாங்கித் தந்தது.

இன்று நிலைமை வேறு. ஊர் விட்டு ஊர் வந்து, சிபாரிசுக்கு ஆளில்லாதவருக்குத் தான் செய்த வேலை ஒன்றுதான் முதல். அதையே மறைத்துவிட்டு எல்லோரும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால், கூட்டத்தில் அவரை யார் அடையாளம் காண்பார்கள்?

இளைஞரிடம் நாம் கேட்டோம்: "போன மழைக்கு உங்க கிடங்குல என்ன ஆச்சு?"

முகம் மாறியது. அடி வரிசை அட்டைப்பெட்டிகள் நனைந்து சரக்கு திரும்பி வந்ததைச் சொன்னார். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தினமும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்தாராம். அந்தக் கோடுகளைக் காட்டித்தான் முதலாளியிடம் மரப் பலகைகள் கேட்டு வாங்கினாராம். அடுத்த மழைக்கு ஒரு பெட்டி நனையவில்லை.

"இதை ஏன் எழுதலை?"

"இதெல்லாம் யாரு படிப்பா, அண்ணாச்சி?"

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். சாக்பீஸ் கோட்டைப் பற்றி எட்டு வரி, தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இரண்டு இடத்தில் இலக்கணம் பிசகியிருந்தது. பாராட்டியவர்கள் பதினொரு பேர்தான். ஆனால் வேறொரு கிடங்கின் சூப்பர்வைசர், "தண்ணீர் கதவு வழியாக வந்ததா, தரையிலிருந்து ஊறியதா?" என்று கேட்டிருந்தார். முந்தைய பதிவுக்கு வந்த அத்தனை பாராட்டிலும் ஒரு கேள்விகூட இல்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் நம்மிடம் திரும்பத் திரும்பக் காட்டினார்.

எழுத்துப் பிழை திருத்த இயந்திரத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அது இரவல் கை. ஆனால் அதன் முன் உட்காருமுன், ஜி.பி.ஓ. வாசலில் கேட்ட கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: என்ன எழுத வேண்டும்? பதில் இல்லையென்றால், அன்றைக்கு எழுதாமலிருப்பதே நல்லது.