கேட்டால் மட்டும் போதுமா?

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. கை வெங்காயம் நறுக்குகிறது. வானொலியில் ஒரு டாக்டர் ரத்தச் சோகையைப் பற்றிப் பேசுகிறார். "எவ்வளவு அழகாகச் சொன்னார்!" என்று நீங்களும் மெச்சிக் கொள்கிறீர்கள். மறுநாள் அடுத்த வீட்டு மாமி, "என்னடி சொன்னார்?" என்று கேட்கிறாள். "ஏதோ கீரை சாப்பிடச் சொன்னார், மாமி!" அதற்கு மேல் ஒன்றும் நினைவில் இல்லை.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை, சகோதரி. காதில் விழுவது வேறு. மனத்தில் தங்குவது வேறு. இதை 1956-ம் ஆண்டில் புனா வட்டாரக் கிராமங்களில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

யுனெஸ்கோவின் உதவியோடு அகில இந்திய வானொலி நடத்திய சோதனை அது. ஏறக்குறைய 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைத்தார்கள். மன்றத்துக்குச் சுமார் இருபது பேர். வாரத்தில் இரண்டு மாலை, அரை மணி நேர நிகழ்ச்சி. பத்து வாரத்தில் மொத்தம் இருபது. நிகழ்ச்சி முடிந்ததும் வானொலிப் பெட்டியை மூடிவிட்டுப் பேச்சைத் திறப்பார்கள். ஒருவர் குறிப்பெடுப்பார். தீராத சந்தேகங்கள் வானொலி நிலையத்துக்குப் போகும். பதில் பின்னொரு நிகழ்ச்சியில் வரும்.

பால் நியூராத் என்ற சமூகவியல் அறிஞர் இதன் பலனை அளந்தார். மன்றம் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு நன்றாக வளர்ந்திருந்தது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களில் வளர்ச்சி சொற்பமே! பெட்டி ஒன்றுதான், நிகழ்ச்சியும் ஒன்றுதான். வித்தியாசம், கேட்டபின் கூடிப் பேசியதில் இருந்தது.

காரணம் எளிது. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார். ஒருவருக்குச் சந்தேகம், மற்றவருக்கு அனுபவம். "நம் ஊருக்கு இது சரிப்படுமா?" என்று யாராவது கேட்டுவிட்டால், பிரசங்கம் சொந்த விஷயமாகிவிடுகிறது.

இந்த வழியைக் கனடா நாட்டு விவசாயிகள் 1941-லிருந்தே கையாண்டு வந்தார்கள். திங்கட்கிழமை இரவுகளில் அண்டை வீட்டார் ஒரு வீட்டில் கூடுவார்கள். 'படி, கேள், விவாதி, செய்' என்பது அவர்களுடைய தாரக மந்திரம்.

புனா சோதனையில் ஒரு குறை உண்டு. மன்றங்களில் உட்கார்ந்தவர்கள் அநேகமாக ஆண்களே. குழந்தைக்குச் சோறூட்டுகிறவளும் தானியத்தைக் காப்பாற்றுகிறவளும் வீட்டுக்குள் இருந்தாள்! அவளுடைய அனுபவம் சபைக்கு வரவேயில்லை.

அந்தக் குறையை நாம் தீர்த்து வைக்கலாமே! நான்கு பேர் போதும். மாடி வீட்டு அக்கா, எதிர் வீட்டு மாமி, ஆபீஸில் சேர்ந்து சாப்பிடும் தோழிகள், யாரானாலும் சரி. கால் மணி நேரப் பேச்சு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கைபேசியைக் காலிச் சொம்புக்குள் நிறுத்திப் பாருங்கள், கணீரென்று கேட்கும்! முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். வழக்கமாக வாய் திறக்காதவளுக்கே முதல் வாய்ப்பு. எல்லாம் தெரிந்தவள் கடைசியில் பேசட்டும். ஒருத்தி எழுதிக் கொள்ளட்டும். கலையும் முன் ஒவ்வொருவரும், "அடுத்த வாரத்துக்குள் இதைச் செய்வேன்" என்று ஒன்றே ஒன்று சொல்லட்டும்.

பிறகு மாமி, "என்னடி சொன்னார்?" என்று கேட்கவே மாட்டாள். அவளும் உங்களோடு உட்கார்ந்து கேட்டிருப்பாளே!