ஃபோம் கவசம், இரும்புத் தோற்றம்

1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. மற்றவர்கள் வழக்கமான உடையில் வர, ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் மட்டும் வருங்கால மனிதர்களாக உடுத்திப் போனார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில்தான். பேரும் புகழும் என்னவோ ஆக்கர்மனுக்கே அதிகம் போனது! கதாபாத்திரங்களைப் போல் உடுத்தி வலம்வரும் காஸ்ப்ளே கலையின் முன்னோடிகளாக இவர்களைச் சொல்வார்கள்.

இன்றைய காஸ்ப்ளேயில் வரும் மாயலோக வீரர்களின் கவசத்தில் பெரும்பாலும் இரும்பே கிடையாது. குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிறோமே, அந்த ஈவிஏ ஃபோம்தான். அளவாக வெட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டினால் இளகும். தோள் வடிவத்துக்கு வளைத்துப் பிடித்து ஆறவிட்டால், வளைவு அப்படியே நிற்கும். அந்தச் சூட்டில் மேற்பரப்பின் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பெயின்ட்டை எல்லாம் ஃபோம் குடித்துவிடும். முதலில் கறுப்பு. அது காய்ந்ததும், ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெள்ளி நிறம் தொட்டு விளிம்புகளில் மட்டும் லேசாகத் தேய்த்தால், பல போர் கண்ட இரும்பு தயார். துண்டுகளைப் பசையால் ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி கடுமையாக இருக்கும்.

படம் எடுக்கும்போது நேர் ஃப்ளாஷ் வேண்டாம். கவசம் பிளாஸ்டிக்காகப் பல்லிளிக்கும். பக்கவாட்டில் விழும் மாலை வெயிலில்தான் ஒவ்வொரு கீறலும் எடுப்பாகத் தெரியும். கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கினால் வீரர் நெடிதுயர்ந்து நிற்பார். பசையும் ஊக்குமாக ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். கவசம் பூட்டியவரால் குனியக்கூட முடியாது!