மனம் விட்டுப் பேசும் மருத்துவம்

பல் வலித்தால் பல் மருத்துவரை நாடத் தயங்குவதில்லை. மனம் நொந்தால் மட்டும் வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் இது மிகுதி.

நாமும் அவ்வாறே இருந்தோம். ஊரில் தந்தையார் காலமான செய்தி கேட்டு, இரண்டு இரவுகள் பயணம் செய்து போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. ஊர் ஊராய்ப் பிறருக்குப் பயணச்சீட்டு வழங்கும் நமக்கு உரிய வேளையில் போய்ச் சேரக் கொடுத்துவைக்கவில்லை. திரும்பிய பின் உறக்கம் அகன்றது. அலுவலகக் கணக்கில் பிழைகள் மலிந்தன. வயிற்றுக் கோளாறு என்று கருதி நாடிய மருத்துவர், உளவியலாளர் ஒருவரைப் பார்க்கும்படி கூறினார். நம்மைப் பித்தர் என்று எண்ணிவிட்டாரோ என்று சினந்து, ஒரு மாதம் கழித்தே சென்றோம்.

அங்கே கண்டது யாது? இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, அவ்வளவே. முதல் அமர்வு முக்கால் மணி நேரம் நடந்தது. என்ன துயரம், எந்நாள் முதல், உறக்கமும் பசியும் எவ்வாறு, குடிப்பழக்கம் உண்டா, முன்பு உண்ட மருந்துகள் யாவை என்றெல்லாம் வினவினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதுண்டா என்றும் நேராகவே கேட்டார். திடுக்கிட வேண்டியதில்லை, பலரிடமும் கேட்கும் வழக்கமான வினாவே அது. உள்ளதை உள்ளபடி சொல்வது நன்று.

சொன்னவை வெளியே போகுமோ என்ற அச்சம் நமக்கிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்திகளைக் காக்கும் உரிமையை வழங்குகிறது. உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நிலை போன்ற சிலவே விலக்குகள். அவற்றை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கட்டணத்தையும் அவ்வாறே.

உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். “இப்படிச் செய்” என்று ஆணையிடுவதுமில்லை. உறங்கும் நேரத்தைக் குறித்துவரச் சொல்வது போன்ற சிறு பயிற்சிகள் தருவார். பெரும்பாலும் வாரம் ஒருமுறை சந்திப்பு. முதல் சில அமர்வுகளுக்குப் பின் மனம் முன்னிலும் கனப்பதுண்டு. நமக்கும் கனத்தது. அதையும் அவரிடமே சொன்னோம்.

மற்றொன்று மொழி. இந்தியில் பேசியவரை நம் துயரம் அலுவலகக் கடிதம் போலவே இருந்தது. பின்னர்த் தமிழறிந்த ஒருவரைக் கேட்டுப் பெற்றோம். ஆலோசகரை மாற்றிக்கொள்வது குற்றமன்று. அவரிடம் மூன்றாம் சந்திப்பில், “அப்பா முகத்தைப் பார்க்கவில்லை” என்று சொல்லி அழுதோம். அதுவரை இல்லாளிடமும் சொல்லாத சொல் அது. உறக்கம் மெல்ல மெல்லத் திரும்பிற்று.

மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்வது அவசியம். எங்கே தொடங்குவதென்று அறியாதோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை அது. இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.

நாம் ஒரு மாதம் தயங்கி வீணாக்கினோம். அன்பர்கள் அவ்வாறு காத்திராமல் இருப்பார்களாயின் இதை எழுதிய பயனைப் பெறுவோம்.