இழுக்காத வண்டி – 9: 92-க்குள் நிற்கும் பைன் மரம்

பிளக், கொயில், பெற்றோல் பம்ப் எல்லாம் போன வாரங்களோடு முடிந்தன. தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் எஞ்சினுக்குக் காற்று வரும் வழியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு வேகன்ஆர் குறுக்கே வந்துவிட்டது.

அட்டாளைச்சேனைக்காரர் ஒருவரின் வண்டி. ஜப்பானில் ஓடி இங்கு வந்த 660 சிசி. ஊருக்குள் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை நம் வீதி பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. எஞ்சினின் பலத்தில் கால்வாசி போனாலும் மிச்சத்தை வைத்து மாதக்கணக்கில் ஓட்டலாம். மலைநாட்டுச் சாரதிக்கு முதல் நாளே பிடிபடும் நோய், கரையோரத்தாருக்குக் கடைசியில்தான் பிடிபடும். இவருக்குப் பிடிபட்ட இடம் மஹியங்கனை தாண்டிய பதினெட்டு வளைவு. குடும்பத்தோடு கண்டிக்குப் போகையில், பாதி ஏற்றத்தில் வண்டி நடக்கத் தொடங்கிவிட்டது.

திரும்பி வந்தவர் ஊர்க் கராஜில் சொன்னது இவ்வளவுதான்: “காக்கா, வண்டி இழுக்குதில்ல. மிதிச்சா சத்தம் மட்டுந்தான் வருது.” போன வழியில் ஓரிடத்தில் பிளக் மாற்றியிருந்தார்கள், த்ரொட்டில் கழுவியிருந்தார்கள், ஹைபிரிட் பற்றரியையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

கராஜ்காரக் காக்கா எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரைக் கொழுவிக்கொண்டு பக்கத்து சீற்றில் ஏறினார். “பாலமுனைப் பக்கம் விடுங்க தம்பி. நல்லா மிதிங்க” என்றார். திரையில் அவர் கவனித்தது ஒரே ஒரு எண்ணை. சிலிண்டருக்குள் கலவை எரிந்து முடியக் கொஞ்ச நேரம் வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக் பொறி விட்டாக வேண்டும். எத்தனை பாகை முன்னால் என்று காட்டுவதுதான் அந்த எண். இவர் ஆழ மிதித்தபோதெல்லாம் அது கீழே இறங்கியது. பொறி பிந்தினால் எரிவதில் பிறக்கும் சக்தியில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் வழியே சூடாக வெளியேறிவிடும். இழுவை போன இடம் அதுதான்.

பொறியைப் பிந்தச் சொன்னது நொக் சென்சர். எஞ்சின் உடலில் ஒரே போல்ட்டில் இறுகியிருக்கும் சின்ன உருப்படி. அதற்குள் இருப்பது, நசுக்கினால் மின்சாரம் பிறக்கும் ஒரு பொருள். அந்தக் குணத்தை 1880-இல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும். பொறியில் கிளம்பிய தீ மறுகரைக்குப் போய்ச் சேருமுன், அங்கே ஒடுங்கி நிற்கும் மிச்சக் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால், வினாடிக்கு 6,000-க்கு மேற்பட்ட அதிர்வுகளோடு எஞ்சின் உடல் அதிரும். அதுதான் நொக். நமது காதுக்கு எட்டுமுன் சென்சருக்கு எட்டிவிடும். உடனே கம்பியூட்டர் பொறியைப் பின்னுக்கு இழுத்து பிஸ்டனைக் காப்பாற்றும். அந்த வண்டி தன்னைக் காத்துக்கொண்டுதான் பதினெட்டு வளைவில் நடந்தது.

கழற்றிய பழைய பிளக்குகளை வண்டிக்காரர் வீசியிருக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் நுண்ணிய கரும்புள்ளிகள். நடுநடுவே மினுங்கும் உலோகத் துகள்கள். பிஸ்டனின் அலுமினியம் அது. அடுத்து, தாங்கியிலிருந்து எடுத்த பெற்றோலில் ஒரு சொட்டைக் காக்கா வெள்ளைத் தாளில் விட்டார். பக்கத்தில், வேறு செட்டில் வாங்கிய பெற்றோலில் ஒரு சொட்டு. சற்று நேரத்தில் பின்னது தடமில்லாமல் காய்ந்தது. தாங்கிப் பெற்றோலின் இடத்தில் எண்ணெய் வட்டம் கட்டி நின்றது. தாளைத் திருப்பினாலும் தெரிந்தது. மோந்தால் குப்பிவிளக்கு வாசம்.

மண்ணெண்ணெய்! ஒலுவில் கரையில் நிற்கும் போட் எஞ்சின்களுக்கு அது ஒத்துவரும். அவை குறைந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டவை. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். இறுக்கி நசுக்கும் கார் எஞ்சினுக்கு அது ஆகாது. அப்படியும் கலப்பது விலைக்காகத்தான். 2022 ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், மண்ணெண்ணெய் 87. ஆகஸ்டில் மண்ணெண்ணெயை 340 ஆக்கியதும் அந்த இடைவெளி சுருங்கியது. பாரமோ கடற்றொழிலாளர் தலையில் இறங்கியது. இப்போதும் இரண்டில் மலிவு மண்ணெண்ணெய்தான். அதை நம்பிக் கலப்பவன் இன்னொருவரின் எஞ்சினைத் திருடுகிறான் என்றே நான் சொல்வேன்.

சரி, இந்த 92 எங்கிருந்து வந்தது? வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. நொக் அடிப்பதை அளக்க 1920-களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கார் ஓர் அளவுகோல் செய்தார். நொக்குக்கு நன்றாக ஈடுகொடுக்கும் ஐசோஒக்டேனுக்கு 100. உடனே நொக் அடிக்கும் ஹெப்டேனுக்கு 0. 92 ஐசோஒக்டேனும் 8 ஹெப்டேனும் சேர்ந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி நடந்துகொள்ளும் பெற்றோலுக்கு 92 என்று பெயர். ஆனால் அந்தப் பூச்சியத்துக்குச் சுத்தமான ஹெப்டேன் வேண்டுமே! மசகெண்ணெயில் அதன் சொந்தக்காரச் சேர்மங்கள் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் கொதிப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கிடைத்தது ஒரு மரத்தில். கலிபோர்னிய மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பாலை வடித்தால் ஏறத்தாழ முழுக்க ஹெப்டேன்.

மரத்தின் இந்தக் குணம் ஊருக்குத் தெரியவந்தது வெடித்துத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கிலிருந்து வந்த டர்பன்டைன் நின்றுபோக, கலிபோர்னியாவில் பொண்டரோசா பைனின் பாலை வடிக்கத் தொடங்கினார்கள். ஜெஃப்ரி பைன் பார்வைக்கு அதேபோல இருக்கும். மரம் மாறிப் பால் கலந்தபோது வாலைகள் வெடித்தன. மரத்துக்குப் பெயர் தந்த ஜோன் ஜெஃப்ரியின் கதை இன்னும் துயரம். எடின்பரோவிலிருந்து 1850-இல் விதை சேகரிக்க அனுப்பப்பட்ட ஸ்கொட்லாந்துக்காரர். 1854-க்குப் பிறகு என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய பெயர் தாங்கிய மரம் உலகத்துப் பெற்றோல் செட்டுகளின் எண்களுக்கெல்லாம் அடியில் பூச்சியமாக நிற்கிறது.

ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கு விதித்திருக்கும் குறைந்த அளவு 89. ஆகவே அங்கு சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்த வண்டிக்கு நமது 92 தாராளம். 95 அடித்தால் இழுவை கூடும் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். வண்டியின் கையேடு கேட்டால் மட்டும் அடியுங்கள். ஆனால் 92-இல் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் விழுந்தாலே 90-க்குக் கீழே போய்விடும். அப்போது சென்சர் வேலைக்கு வரும். பழைய கார்புரேட்டர் ஓட்டோக்களுக்கு அந்தச் சென்சர் இல்லை. ஏற்றத்தில் முறுக்கும்போது கிணுகிணுவென்று சத்தம் வந்தால், ஓட்டோக்காரர்களே, கையை விடுங்கள். அடுத்தது பிஸ்டனில் ஓட்டை.

பொறி பின்வாங்குவதற்குக் கலப்படம் மட்டுமே காரணமில்லை. சிலிண்டருக்குள் கரி ஏறினாலும், எஞ்சின் சூடேறினாலும், சென்சரே கெட்டாலும் அதே எண் இறங்கும். இந்த வண்டிக்குத் தாங்கியைக் காலியாக்கிக் கழுவி, வேறு செட்டில் நிரப்பினார்கள். பற்றரி வயரைக் கழற்றி மாட்டி, கம்பியூட்டர் பழகி வைத்திருந்த பின்வாங்கலை மறக்கச் செய்தார்கள். அதே பாலமுனை ஓட்டத்தில் இப்போது எண் இறங்கவில்லை. பற்றரி மாற்றும் செலவும் மிஞ்சியது.

காற்று அடுத்த வாரம். பெரும்போக வெட்டு நடக்கும் வயல் வீதிகளில் ஓடியவர்கள் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து வையுங்கள். கழுவ வேண்டாம், தட்டவும் வேண்டாம்.