சக்கர வீட்டின் பின்பாரம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடைக்காலம் பிறந்துவிட்டால், நெடுஞ்சாலைகளில் வீடுகள் ஓடத் தொடங்கும். இது மிகைக் கூற்றன்று. படுக்கை, சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அமைந்த ஒரு சிறு வீட்டைச் சக்கரங்களின்மேல் ஏற்றி, அதனைக் காரின் பின்னாலோ பிக்-அப் டிரக்கின் பின்னாலோ கொளுவி இழுத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாக மலைகளையும் ஏரிகளையும் நாடிச் செல்வர். அமெரிக்கர் இதனை டிராவல் டிரெய்லர் என்பர்; ஆங்கிலேயர் கேரவன் என்பர். நம் குடும்பங்களிலிருந்து அந்நாடுகளுக்குச் சென்று குடியேறிய பிள்ளைகளுள் சிலர் இவ்வண்டிகளை வாடகைக்கு எடுக்கின்றனர். சொந்தமாக வாங்குவாரும் உளர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர், முன்னே ஓடும் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து உடன் பயணம் செய்கின்றனர். ஆகவே இப்பொருள் நம் வாசகர்களுக்கு முற்றிலும் அயலானதன்று.

இத்தகைய பயணங்களில் சைக்கிள்களையும் உடன் கொண்டுசெல்வது நெடுநாளைய வழக்கம். சாதாரண சைக்கிள் ஒன்றின் எடை 12 முதல் 15 கிலோ. அவற்றில் இரண்டைச் சக்கர வீட்டின் பின்புறம் மாட்டிவிட்டால் போதும். சில ஆண்டுகளாக அவ்விடத்தை மின்சார சைக்கிள்கள் பிடித்துவிட்டன. மேட்டில் மிதிக்க மோட்டார் துணை நிற்பதால், ஓய்வுபெற்ற தம்பதியருக்கு இவை பெருவிருப்பம். ஆயின் இவற்றின் எடை 20 முதல் 25 கிலோ. 4 அங்குல அகலமுள்ள பெருஞ்சக்கர வகையோ 30 கிலோவையும் தாண்டி 35 வரை செல்லும். பழைய பழக்கம் அப்படியே நிற்கிறது. பாரம் மட்டும் இரட்டித்துவிட்டது. விபத்தின் வித்து இங்கேதான் இருக்கிறது.

சக்கர வீட்டின் பின்புறத்தில் குறுக்காக ஒரு சதுர இரும்புக் குழாய் பற்றவைக்கப்பட்டிருக்கும். பம்பர் என்று அதற்குப் பெயர். பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் அது, பெரும்பாலும் மெல்லிய தகட்டால் ஆன 4 அங்குலக் குழாயே. கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைப்பதற்கென அமைக்கப்பட்டது என்றே சொல்லிவிடலாம். அதில் சைக்கிள் தாங்கியைப் பூட்டக் கூடாது என்று டிரெய்லர் செய்வோர் பலர் தம் கையேட்டிலேயே எழுதியுள்ளனர். எழுதியதைப் படிப்பவர் சிலர்தாம். ஈராண்டு ஓடியபின் பற்றவைப்பு வெடித்து, பம்பர், தாங்கி, சைக்கிள்கள் அனைத்தும் ஒன்றாகச் சாலையில் விழுமாயின், பின்னால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்ற காரில் இருப்போரின் கதி என்ன? சைக்கிள் போனால் வேறு வாங்கலாம்.

அடிச்சட்டத்தோடு நேரே இணைக்கப்பட்ட 2 அங்குலச் சதுரப் பொருத்துவாய் சில டிரெய்லர்களில் உண்டு. அது பம்பரைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனால் அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் வாங்கும் தாங்கியின்மேல் ‘ஒரு சைக்கிளுக்கு 60 பவுண்டு’ என்று எழுதியிருப்பர்; அதாவது 27 கிலோ. அவ்வளவு அது காரின் பின்னால் பொருத்தப்படும்போது மட்டுமே. டிரெய்லரின் பின்னால் பொருத்துவதற்குத் தம் தாங்கி ஏற்றதன்று என்று பல நிறுவனங்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. சில நிறுவனங்கள் பொருத்தலாம் என்று கூறி, தாங்கும் எடையைக் குறைத்துவிடுகின்றன. காரணம் எளிது. சாட்டையை வீசும்போது பிடி சிறிதே அசைய, நுனியோ காற்றைக் கிழித்துப் பாய்கிறது அல்லவா? டிரெய்லரின் வாலும் அத்தகையதே. அச்சிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் பின்னால் தொங்கும் பொருள், சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது மேலும் கீழும் உதறப்படும். நிற்கும்போது 60 கிலோவாக இருப்பது, அந்த நொடியில் தாங்கியை அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகத் தாக்கும். எனவே டிரெய்லருக்கென்றே சான்றளிக்கப்பட்ட தாங்கியா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விற்பவர் தலையசைத்தால் போதாது. கையேட்டில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, தாங்கி முறியவே முறியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆபத்து நீங்கிவிடவில்லை. சொல்லப்போனால் பேராபத்து இனிமேல்தான். இதனைப் புரிந்துகொள்ள நம்மவர்க்குப் பொறியியல் நூல் வேண்டியதில்லை. மாட்டு வண்டியே போதும். மூட்டைகளை முன்னால் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும் என்பதை நம் வண்டிக்காரர்கள் பாரம் ஏற்றும்போதே பார்த்துக்கொள்வார்கள். டிராவல் டிரெய்லருக்கும் இதே நியதிதான். அதன் ஏர்க்கால் காரின் பின்னுள்ள இணைப்புப் பந்தின்மேல் அமர்கிறது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அப்பந்தின்மேல் அழுந்த வேண்டும் என்பது வட அமெரிக்காவில் வழங்கும் விதி. ஐரோப்பியக் கேரவன்களுக்கு 5 முதல் 7 விழுக்காடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எடை 2,200 கிலோ. பந்தின்மேல் அழுந்துவது 264 கிலோ, அதாவது 12 விழுக்காடு. பந்திலிருந்து அச்சுக்கு 5 மீட்டர். அச்சிலிருந்து பின்புறத் தாங்கிக்கு 3.5 மீட்டர். முப்பது கிலோ சைக்கிள்கள் இரண்டு, தாங்கியின் எடை 20 கிலோ, ஆக 80 கிலோ. தராசுக் கோலின் கணக்குப்படி இந்த 80 கிலோவை 3.5 ஆல் பெருக்கி 5 ஆல் வகுத்தால் 56 வரும். பந்தின்மேல் இருந்த பாரத்தில் 56 கிலோ குறைந்து 208 ஆகிவிடும். மொத்த எடையோ 2,280 ஆக ஏறிவிடும். விழுக்காடு 9 சொச்சம். ஏற்றியது 80 கிலோதான். ஆயினும் வண்டி எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டது. பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டியும் இருந்து, அது நிறைந்தும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முன்பாரம் குறைந்த டிரெய்லர், காற்றடித்தாலோ பெரிய லாரி ஒன்று கடந்து சென்றாலோ பாம்புபோல் நெளியத் தொடங்கும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இந்த ஆட்டத்தை ஆராய்ந்தோர், முன்பாரத்தையும், அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் பாரம் பரவியிருக்கிறது என்பதையும் முதன்மைக் காரணங்களுள் சேர்த்துள்ளனர். வேகம் கூடக்கூட ஆட்டம் தானே தணியும் ஆற்றலை இழக்கிறது. ஒரு வேகத்திற்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, வால் தலையை இழுத்துக் கவிழ்த்துவிடும். அவ்வேளையில் ஓட்டுபவர் காரின் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி நேராக்க முயல்வதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவதும் தீங்கையே விளைக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் நெம்புகோல் இருந்தால் அதனை மெல்ல இயக்க வேண்டும். அமெரிக்க வண்டிகளில் மின்சார பிரேக்கிற்கான கட்டுப்பாட்டுக் கருவியில் இந்நெம்புகோல் உண்டு. ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது நன்று. பின்னர் ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்காமல் மேலே ஓட்டலாகாது. கலிபோர்னியா மாநிலத்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டரே உச்ச வேகம். ஜெர்மனியில் தனி அனுமதி பெறாத கேரவன்களுக்கு 80 கிலோமீட்டர். இந்த எல்லைகளை வீண் கெடுபிடி என்று கருதுவோர் ஒருமுறை நெளியும் டிரெய்லரைப் பார்த்தால் மனம் மாறுவர்.

முன்பாரத்தை ஊகத்தால் அறிய இயலாது. நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கெனச் சிறு கருவிகள் விற்கின்றன. டிரக்குகள் நிற்கும் இடங்களில் எடை மேடைகளும் உண்டு. ஒன்றும் இல்லையேல், வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும். வலுவான மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்மீதும் மறுமுனையைக் கருவியின்மீதும் வைத்து, இடைத்தூரத்தை மூன்றாகப் பகுத்து, செங்கலிலிருந்து ஒரு பங்கு தூரத்தில் ஏர்க்காலை இறக்குக. கருவி காட்டுவதை 3 ஆல் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். கருவி 70 காட்டினால் 210 கிலோ. டிரெய்லர் சமதரையில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்திருக்க வேண்டும். சைக்கிள்களும் தண்ணீரும் பயணத்தின்போது இருப்பதுபோலவே இருக்க வேண்டும். வெறும் வண்டியை நிறுத்துவதால் பயனில்லை.

அப்படியானால் சைக்கிள்களை எங்கேதான் வைப்பது? இழுப்பது பிக்-அப் டிரக்காக இருப்பின், அதன் திறந்த பின்தட்டே மிக நல்ல இடம் என்பது என் கருத்து. அங்கே பாரம் டிரக்கின் சொந்தச் சக்கரங்களின்மேல் விழுகிறது. டிரெய்லரின் சமநிலை குலைவதில்லை. தூக்கி ஏற்றுவதுதான் கடினம். சாய்பலகை ஒன்றை வைத்து, பல மின்சார சைக்கிள்களில் உள்ள ‘நடை உதவி’ விசையை அழுத்தினால் சைக்கிள் தானே மெல்ல மேலேறும், முதுகு பிழைக்கும்.

கார் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். ஏர்க்காலின்மேல், டிரெய்லரின் முன்சுவருக்கு முன்னால் பொருத்தும் தாங்கிகள் உண்டு. ஐரோப்பாவில் இவை பெருவழக்கு. இங்கே பாரம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். மேற்கண்ட டிரெய்லரிலேயே, பந்திலிருந்து 1 மீட்டர் தள்ளி 80 கிலோவை வைத்தால் பந்தின்மேல் 64 கிலோ ஏறும். அவ்வளவைக் காரின் கொளுவி தாங்குமா என்பதே கேள்வி. ஐரோப்பியக் கார்களுள் பெரும்பாலானவற்றின் எல்லை 75 முதல் 100 கிலோ வரையே. ஆதலின் உள்ளே இருக்கும் கனமான பொருள்களை அச்சின் பக்கமாகத் தள்ளிச் சரிக்கட்ட வேண்டும். முடுக்கில் திரும்பும்போது சைக்கிளின் கைப்பிடி காரின் பின்கண்ணாடியில் மோதாதபடி, வெற்றிடத்தில் ஒருமுறை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

டிரெய்லருக்கு உள்ளேயே, அச்சுக்கு நேர்மேல் தரையில் சைக்கிள்களைக் கட்டி வைப்பாரும் உளர். சமநிலைக்கு இது சாலச் சிறந்தது. வாசல் அகலமும் இல்லத்தரசியின் பொறுமையும் இடம் தர வேண்டும். பின்புறம் கதவே சாய்பலகையாக இறங்கும் தனி அறையுடன் கூடிய டிரெய்லர்களும் அமெரிக்காவில் கிடைக்கின்றன. கூரைமேல் ஏற்றும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுக. முப்பது கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவதே அறுபது வயதினருக்கு ஒரு விபத்து.

எங்கே வைத்தாலும் சட்டத்தைப் பிடித்துத் தொங்கவிடும் தாங்கி கனமான சைக்கிள்களுக்கு ஆகாது; சக்கரங்களைத் தட்டில் ஏந்திப் பட்டையால் இறுக்கும் வகையே வேண்டும். தாங்கியின் பட்டைகளை மட்டும் நம்பாமல், சைக்கிளையும் வண்டிச் சட்டத்தையும் இணைத்துத் தனியே ஓர் இறுக்குப் பட்டை கட்டுக. மழைக்கு அஞ்சிச் சைக்கிள்களின்மேல் துணி போர்த்துவோர், அது பாய்மரம்போல் காற்றை வாங்குவதை எண்ணுவதில்லை. முதல் 20 நிமிட ஓட்டத்திற்குப் பின் நிறுத்தி எல்லா முடிச்சையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்திற்கு, சிவப்பும் வெள்ளையுமான 50 சென்டிமீட்டர் சதுர எச்சரிக்கைப் பலகை கட்டாயம். விளக்குகளும் எண் பலகையும் மறையலாகாது என்பதோ எந்நாட்டுக்கும் பொது.

பேட்டரியைப் பற்றி இரண்டு சொல். புறப்படும் முன் அதனைக் கழற்றிக் காருக்குள் வைத்துக்கொள்வது இரட்டை நன்மை. ஒவ்வொன்றும் 3 முதல் 4 கிலோ. தாங்கியின் சுமை அவ்வளவும் குறையும். மழைச் சாரலும் அதிர்ச்சியும் அதைத் தீண்டா. கீழே விழுந்து நசுங்கிய லித்தியம் பேட்டரியை மறுபடி மின்னேற்றுவது நெருப்போடு விளையாடுவதாகும். நியூயார்க் மாநகரில் இப்பேட்டரிகளால் உயிர்கள் பல போனபின், 2023 செப்டம்பர் முதல் பாதுகாப்புச் சான்று பெறாத மின்சார சைக்கிள்களை விற்கச் சட்டம் தடை செய்துள்ளது. ஆதலால் ஓடும்போதும், டிரெய்லருக்குள் எல்லாரும் உறங்கும்போதும் மின்னேற்றுதல் கூடாது.

முகாமை அடைந்ததும் களைப்பில் முதற்காரியமாகக் காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றிவிட எண்ணுவர். பின்னால் சைக்கிள்கள் தொங்கிக்கொண்டிருக்க, முன்பாரம் குறைந்த டிரெய்லரைக் கழற்றினால் ஏர்க்கால் சட்டென்று மேலெழக்கூடும். குனிந்து நிற்பவரின் தாடை அங்கே இருக்கும். சக்கரங்களுக்கு அடைகட்டை முதலில். சைக்கிள்களை இறக்குவது அடுத்து. கொளுவியைக் கழற்றுவது அதன்பிறகு.