குடும்பத்தோடு ஒரு நாள்: சிக்கனமாக வேதாரண்யம் சென்று வருதல்

பள்ளிக்கூடம் மூடியதும் நமது அங்கத்தினர் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எங்கே அழைத்துப் போகப் போகிறீர்கள்?" என்பதே. குழந்தைகள் கேட்பதில் குற்றமில்லை. ஆண்டு முழுவதும் தறியோசையும் வயல்வேலையும் சூழ வளரும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் உல்லாசம் வேண்டுவது இயல்பே. அந்த ஒரு நாளுக்கு வேண்டிய பொருளை எப்படிச் சேர்ப்பது, எங்கே செலவிடுவது என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கும்பகோணத்தை அடுத்த ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, அங்கத்தினர் ஒருவர் மருத்துவச் செலவுக்கென்று பெற்ற கடன் தவணை தவறி நிற்பதைக் கண்டோம். விசாரிக்க வீட்டிற்கே சென்றோம். வீட்டில் யாரும் நோயுறவில்லை. பிள்ளைகள் இருவரையும் சென்னைப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்ற செலவே அது. "பூங்கா எப்படி இருந்ததம்மா?" என்று அவர் மனைவியாரைக் கேட்டோம். "நான் போவலைங்க. நாலாவது டிக்கெட்டுக்குப் பணம் பத்தலை. மாமியாரும் நானும் வீட்டுலயே இருந்துட்டோம்" என்றார். கடன் நோக்கம் தவறியது என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டு வந்திருக்கலாம். எழுதவும் எழுதினோம், அது நமது கடமை. ஆனால் அந்த அம்மையாரின் விடை நெடுநாள் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

பெரிய பூங்காக்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவற்றின் செலவு எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிந்து செல்லுதல் நலம். நுழைவுக் கட்டணத்திலேயே பெரும்பாலான இராட்டினங்களும் நீர் விளையாட்டுகளும் அடங்கிவிடும். ஆகவே, ஏறாமல் வெளியே பையைக் காத்து நிற்கும் பாட்டிக்கும் ஏறத்தாழ முழுக் கட்டணமே ஆகிறது. குழந்தைக்குச் சலுகை வயதைக் கொண்டு அன்றி, பல இடங்களில் உயரத்தைக் கொண்டு அளிக்கப்படுகிறது. எட்டு வயதில் நெடுநெடுவென வளர்ந்த பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம் கேட்பார்கள். கட்டுச்சோற்றை உள்ளே அனுமதியாத இடங்களும் உண்டு. இவற்றோடு இரயில் அல்லது பேருந்துக் கட்டணம் சேர்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, எவரும் எழுதிவைக்காத ஓர் இனம் உள்ளது. அதுதான் தறி நின்ற நாள்களின் கூலி. தஞ்சைப் பகுதியிலிருந்து சென்னை சென்று திரும்ப எப்படியும் இரண்டு நாள் கூலி போகும்.

இராட்டினம் ஒன்றே குழந்தையின் ஆசையென்றால், அதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும் நாகூர்க் கந்தூரியிலும் இராட்டினம் வந்து சேரும். அங்கே ஏறுகிறவருக்கு மட்டுமே காசு. எத்தனை முறை ஏறுவது என்பதை வீட்டிலேயே குழந்தையோடு பேசி முடித்துக்கொண்டு செல்ல வேண்டும். விழாத் திடலின் விளக்கொளியில் நின்று பேசினால் தோற்பவர் தந்தையாகவே இருப்பார்.

இனி, பொருள் சேர்க்கும் வழிக்கு வருவோம். இதற்கு நமக்கு முன்னோடிகள் உள்ளனர், அவர்களும் நெசவாளர்களே. 1844-ஆம் ஆண்டு 28 பேர் கூடி ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த வரலாற்றை நமது அங்கத்தினர் அறிவர். அந்த நகரம் அமைந்த லங்காஷயர் பகுதியின் நெசவாலைத் தொழிலாளர், ஆண்டுக்கொருமுறை தத்தம் ஊர்த் திருவிழா வாரத்தில் ஆலைகள் அடைக்கப்படும்போது கடற்கரைக்குச் செல்லும் வழக்கமுடையவர்கள். பிளாக்பூல் என்னும் கடற்கரை நகருக்கு 1846-ல் இரயில் வந்தது; 1896-ல் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா அங்கு இன்றும் நடைபெறுகிறது. அந்த வாரத்திற்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. ஊதியத்தோடு விடுமுறை அளிப்பதற்கான சட்டம் பிரிட்டனில் 1938-ல்தான் வந்தது. கூலியில்லாத வாரத்தில் குடும்பம் முழுவதும் எப்படிச் சென்றது? ஆலையிலும் தெருவிலும் பயணச் சேமிப்புக் கழகங்கள் அமைத்து, வாரந்தோறும் சில பென்னிகளை ஆண்டு முழுவதும் கட்டிவந்தார்கள். திருவிழாவுக்கு முன் தொகையைப் பெற்றுக்கொண்டார்கள். விடுதியிலும் சிக்கனமே. உணவுப் பொருளைத் தாமே வாங்கிக் கொடுக்க, வீட்டுக்கார அம்மாள் சமைத்துத் தருவார். மேசைமேல் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் அவர் தனியே காசு கேட்டதாக அக்காலத்து நெசவாளர்கள் கேலி பேசியதுண்டு.

இந்த முறையையே நாம் மேற்சொன்ன சங்கத்தாரிடம் எடுத்துரைத்தோம். எட்டுக் குடும்பங்கள் முன்வந்தன. குடும்பத்திற்கு வாரம் 40 ரூபாய்; கூலி பட்டுவாடா நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். ஐம்பது வாரத்தில் குடும்பத்திற்கு 2,000 ரூபாய். எட்டுக் குடும்பத்திற்கு 16,000. பணம் சங்கச் சேமிப்புக் கணக்கில் இருந்தது. வரவை ஒரு பெண் அங்கத்தினர் நோட்டில் எழுதிவந்தார். கூலியில் பிடிக்கப்படும் சேமிப்புப் பாதுகாப்பு நிதி வேறு, இது வேறு. அதை இதற்கெனத் தொடலாகாது என்பதை முதற் கூட்டத்திலேயே வற்புறுத்தினோம். இடையில் மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை தடைப்பட்டபோது, மூன்று குடும்பங்கள் சில வாரங்கள் கட்ட இயலவில்லை. விலக்கிவிடலாம் என்றார் ஒருவர். கார்த்திகையில் விட்டதைத் தைப் பொங்கலுக்குள் கட்டட்டும் என்று முடிவாயிற்று; கட்டியும் முடித்தனர்.

இடம் தெரிவதில் விவாதம் நடந்தது. இளைஞர்கள் பூங்காவைச் சொன்னார்கள். அந்தத் தொகை எட்டுக் குடும்பங்களின் முப்பது பேரையும் அங்கே கொண்டு செல்லாது. முதியவர்களை விட்டுச் செல்ல வேண்டும் என்று தெரிந்ததும், வேதாரண்யமும் கோடிக்கரையும் என்று தீர்மானித்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரண்டொரு குடும்பமாகச் செல்வோர் திருத்துறைப்பூண்டியிலிருந்து இரயிலையும் நினைவில் வைக்கலாம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023-ல் திறக்கப்பெற்றது. வண்டி வரும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்க. முப்பது பேருக்கு மினி பஸ்ஸே மலிவாயிற்று.

நாளைத் தேர்வதில்தான் பாதிச் சிக்கனம் அடங்கியுள்ளது. பல நெசவூர்களில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்று சென்றால் கூலி இழப்பில்லை. ஆனால் தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் வேதாரண்யத்தில் கடல் நீராடுவோர் கூட்டம் பெரிது. காணும் பொங்கலன்றும் அவ்வாறே. ஆகவே மாசி அமாவாசையைக் கொண்டார்கள். உழவர்க்கும் அது ஓய்வு நாளே: சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் வயலில் வளர்ந்துகொண்டிருக்கும் சமயம். கோடிக்கரைக்கு வடக்கிலிருந்து வரும் பறவைகளும் அப்போது முற்றும் திரும்பியிருக்கமாட்டா.

எங்கே முதலிற் செல்வது என்பதும் கவனிக்கத்தக்கது. பலர் கோயிலில் தொடங்கி, உச்சிவெயிலில் கோடிக்கரை சேர்ந்து, ஒரு மானையும் காணாமல் திரும்புகிறார்கள். விலங்குகள் காலையிலும் மாலையிலுமே வெளியில் மேயும். கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலையில் திறக்கும். ஆகவே அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு நேரே கோடிக்கரைக்குப் போவதே முறை. நாமும் உடன் சென்றோம்.

கோடிக்கரை வனவிலங்குப் புகலிடம் 1967-ல் அமைந்தது. வேதாரண்யச் சதுப்பு நிலத்தோடு சேர்த்து, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே காணவேண்டியது வெளிமான். முதிர்ந்த ஆண்மானின் முதுகு கருமை, வயிறு வெண்மை. கொம்பு முறுக்கேறிய நூல்போல் திருகியிருக்கும். பெண்மானுக்குக் கொம்பில்லை, நிறம் மங்கிய பழுப்பு. புல்வெளியில் கூட்டமாக நின்றவை, வண்டி நின்றதும் தலை நிமிர்ந்தன; ஒன்று துள்ளியதும் எல்லாம் துள்ளின. பின் இருக்கையிலிருந்த பிள்ளைகள் எழுப்பிய கூச்சலில் எஞ்சியவையும் ஓடின. அமைதியாக இருந்தால் நெடுநேரம் பார்க்கலாம் என்பதை அடுத்த கூட்டத்தருகில் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். காட்டில் தாமே திரியும் மட்டக்குதிரைகளும் உள்ளன. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை.

பூநாரைகளை எதிர்பார்த்துச் செல்வோர் சிறிது பொறுமை கொள்ள வேண்டும். சதுப்பில் நீர் எங்கே நிற்கிறதோ அங்கே அவை நிற்கும்; சாலையருகே வந்து காட்சி தருவதில்லை. நாம் கண்டவை தொலைவில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாகவே தெரிந்தன. முப்பது பேருக்கும் ஒரே தொலைநோக்கி. அதுவும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இரவல் பெற்றது. உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளாலேயே அவற்றின் இறகு சிவக்கிறது என்று கூறினோம். சாயம் தோய்க்கும் வேலை செய்யும் முதியவர் ஒருவர் தொலைநோக்கியை நெடுநேரம் விடவில்லை.

இராமர் பாதம் என்னும் மேடு இப்பகுதியிலேயே உயர்ந்த இடம். உயரம் சில மீட்டரே. சமவெளியிலேயே வாழ்ந்த நமக்கு அதுவும் ஒரு மலைபோலத் தோன்றுகிறது. குழகர் கோயிலைக் கண்டதும், 'பொன்னியின் செல்வன்' படித்த பெண்கள் பூங்குழலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மரநிழலில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் உண்டோம். கோடிக்கரையில் முப்பது பேருக்கு உணவு கிடைக்கும் என்று நம்பிச் செல்லற்க. குடிநீரும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். குரங்குகள் வந்து சூழும். அவற்றிற்கு ஒரு பிடியும் போடலாகாது. ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. வாழையிலையும் எவர்சில்வர் தூக்கும் போதும். கடலில் இறங்குவது பற்றி ஓர் எச்சரிக்கை: இக்கரையில் சேறு மிகுந்த இடங்கள் உண்டு, பெரியவர் கைப்பிடியின்றிக் குழந்தைகளை விடலாகாது.

பிற்பகல் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் நடந்து புறப்பட்டு, 28-ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் நாள் இங்கே உப்பள்ளினார்கள். நினைவுத் தூண் அவ்விடத்தில் நிற்கிறது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று அந்நாள் கலெக்டர் தார்ன் அறிவித்தபோது, சிற்றூர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன், முகத்தை நீட்டியவர் போலீஸ்காரர் என அறிந்து பாதியில் கத்தியைக் கீழே வைத்துச் சிறை சென்றார். இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு எந்த இராட்டினத்திலும் கேட்டதில்லை. அந்தத் தொண்டர்கள் நடந்து வந்த கும்பகோணம் வழியாகத்தான் நாமும் அன்று காலை வந்தோம் என்றதும் சிரிப்பு அடங்கிற்று, "நடந்தா?" என்றான் ஒரு பையன்.

அருகே உப்பளம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. பாத்தியில் நீரைத் தேக்கி, வெயிலும் காற்றும் உறிஞ்ச விட்டு, செறிந்த நீரை அடுத்த பாத்திக்கு மாற்றினால் உப்புப் பூக்கிறது. அங்கு வேலைசெய்த ஒரு அம்மையார் அனுமதி தர, பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கல் உப்பை நாவில் வைத்துப் பார்த்தனர். அவர் காலில் உப்பு அரித்த வெடிப்புகளைக் கண்ட நம் நெசவாளப் பெண்கள், தறிக்குழியில் தங்களுக்கு வரும் முழங்கால் வலியைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டு நின்றார்கள்.

மாலையில் வேதாரண்யேசுவரர் கோயில். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற கதவை அப்பர் பாடித் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் பெரியோர் அறிந்தவை. பிள்ளைகளுக்குப் பிடித்தது எலியின் கதை: விளக்கில் நெய் உண்ண வந்து, அறியாமல் திரியைத் தூண்டிய எலி மறுபிறவியில் மாவலி மன்னனாயிற்று என்பர். வேதாரண்யம் விளக்கழகு என்னும் வழக்கு இங்கே எழுந்தது. அம்மன் யாழைப்பழித்த மொழியாள். அவள் குரலின் முன் எடுபடாதென்று வீணையின்றி அமர்ந்த சரஸ்வதியும் இங்கே உண்டு.

ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்கு ஊர் சேர்ந்தோம். மறுநாள் கணக்கு வாசிக்கப்பட்டது. மினி பஸ் வாடகை 11,200 ரூபாய். வனத்துறைக் கட்டணம், தேநீர், பால், கோயில் அர்ச்சனை எல்லாமாக 3,000. மீதி 1,800, குடும்பத்திற்கு 225. திருப்பித் தர நோட்டை விரித்தபோது, தவணை தவறிய அந்த அங்கத்தினரின் தாயார் கையை மறித்தார். "வச்சுக்குங்க தம்பி, அடுத்த வருசத்துக்கு முதல் வாரம் எழுதிடுங்க" என்றார். எட்டுக் குடும்பத்தின் பெயரிலும் அப்படியே எழுதப்பட்டது.