பின்பக்கம் பார்க்காதேங்கோ!

மார்கழி மழை. கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சிக்கு ஓட்டோவில் போய்க்கொண்டிருக்கிறேன். பக்கத் திரை காற்றில் படபடக்க, பாதி மழை உள்ளேதான் பெய்கிறது. பெய்யட்டும்! 365 நாளையும் ஊசியால் குறித்து வைக்கிற ஒரு துணியை, அது இன்னும் முடியாமல் வளையத்தில் பூட்டிக் கிடக்கும்போதே பார்க்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. முடிந்து, கழுவி, அயன்பண்ணி, கண்ணாடிச் சட்டத்துக்குள் போனபிறகு யாரும் பார்க்கலாம். ஊசி குத்தியபடி கிடக்கும்போது பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வரும்? வாருங்கள், நீங்களும் கூட வாருங்கள். குடையை மட்டும் விறாந்தையில் விரித்து வைத்துவிடுங்கள், காயட்டும்.

“செருப்பை வெளியில விடாதேங்கோ, நாய் தூக்கிக்கொண்டு போயிடும்!”

குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர். பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய முன்னறையில் நாலைந்து பெண்பிள்ளைகள் கூடிப் பூவேலை செய்கிறார்கள். அறையைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கால்மெசின்கள். ஒன்றின் மேல் யாருடையதோ பாதி தைத்த வெள்ளைச் சட்டை, மற்றதன் மேல் பூனை. தரை முழுக்க வெட்டுத்துண்டுகள். யன்னல் கம்பியில் நூல்கள் நிறம் நிறமாகத் தொங்குகின்றன. ஊசிகள் ஒரு சவர்க்காரக் கட்டியில் குத்தி நிற்கின்றன. சவர்க்காரம் பட்ட ஊசி துணியில் வழுக்கிக்கொண்டு போகுமாம். மூலையில் ஒரு பெரிய பிஸ்கட் தகரம். பேரப்பிள்ளை அதைத் திறந்து பார்க்கிறான். உள்ளே நூல். மூடிவிட்டுப் போகிறான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்து திறக்கிறான்.

“ஒவ்வொரு சனிக்கிழமையும் பாக்கிறவன். இன்னும் நம்பிக்கை விடேல்லை” என்கிறார் ரீச்சர்.

அந்தத் தகரத்துக்குள் இருப்பது ஒரு தனி இராச்சியம். தேயிலைப் பெட்டி மட்டையை விரலளவு வெட்டி, இரண்டு பக்கமும் கீறி, அதில் நூலைச் சுற்றி, இலக்கம் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். ஆங்கர் நூல் ஒரு கட்டு 8 மீற்றர், ஆறு இழை. அதைப் பிரித்து இரண்டு இழையில் தைப்பதுதான் இங்கே நடைமுறை. பிள்ளைகள் நிறத்தின் பெயரே சொல்வதில்லை. “403 தாடி” என்றால் கறுப்பு!

சரி, பெரிய விசயத்துக்கு வருவோம். ரீச்சர் கையைக் கழுவி, துடைத்து, தலையணை உறையால் போர்த்தி வைத்திருந்த துணியை மேசையில் விரித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அரிசிப் பானையின் மூடியை வைத்துக் கீறிய ஒரு வட்டம். வட்டக்கச்சியில் வேறென்ன கீறுவது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வட்டத்தை 12 துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு மாதம். ஒரு நாளைக்கு ஒரு சின்னம், ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சிறிதாக. தை மாதத் துண்டில் பொங்கல் பானை பொங்கி வழிகிறது, நுரை முழுவதும் முடிச்சுத் தையல். பக்கத்தில் ஒரு நுளம்புச் சுருள். “அண்டைக்கு வேற ஒண்டும் நடக்கேல்லை” என்றார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு விளக்கு. அங்கே கடல்நீர் எடுத்து வந்து விளக்கேற்றுவது மரபு. ஆகவே விளக்கின் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தைக் கடல் நீலத்தால் நிரப்பியிருக்கிறார். நான் அதிலேயே கண்ணைப் புதைத்துவிட்டேன். ஆனியில் ஒரு பிடி மஞ்சள் முத்துகள், பாலைப்பழம். அதற்குப் பக்கத்து நாளில் ஒட்டிப்போன இரண்டு உதடுகள்! பாலைப்பழத்தை ஆசை தீரத் தின்றவர்களுக்கு அந்தப் பால் உதட்டை என்ன செய்யும் என்று தெரியும். ஆடியில் ஒரு ரயில். 1990இல் நின்றுபோய், 2013 புரட்டாதியில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த அதே யாழ்தேவி. கொழும்பிலிருந்து தங்கச்சி அதில் வந்திறங்கிய நாளாம். யன்னல் ஒன்றில் புள்ளி போல ஒரு மண்ணிறத் தலை. கார்த்திகையில் கார்த்திகைப்பூ. இதழ் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இடையில் ஒரு இழை மஞ்சளும் ஒரு இழை சிவப்புமாகச் சேர்த்துக் கோர்த்த நூல். அந்த ஒரு பூவுக்கு இரண்டு இரவு போனதாம்.

நான் துணியின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பப் போனேன்.

“ஐயோ, பின்பக்கம் பார்க்காதேங்கோ!”

அறை முழுவதும் சிரிப்பு. ரீச்சர் இரண்டு கையாலும் துணியை அமுக்கினார். பிள்ளைகள் என் பக்கம் நின்றார்கள். “காட்டுங்கோ ரீச்சர், எங்கட எல்லாம் பிரட்டிப் பிரட்டிப் பாப்பீங்களே!” கடைசியில் பெரும்பான்மை வென்றது.

பின்பக்கம் என்றால் ஒரு காடு. முடிச்சுகள், வால் விட்ட நூல்கள், ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்குத் தாவும் இழைகள். மூத்த பிள்ளை ஒருத்தி ஆவணித் துண்டை விரலால் தொட்டுக் காட்டினாள். முன்பக்கம் பார்த்தால் அந்த வாரம் குதூகலமாக இருக்கிறது: கிளி, வெற்றிலை, தவளை, பச்சை மிளகாய், முருங்கை இலை. பின்பக்கமோ 11ஆம் திகதியிலிருந்து 19 வரை ஒரே பச்சை நூல், ஒரு முடிச்சும் இல்லாமல் தாவித் தாவிப் போகிறது. ஒன்பது நாளையும் ஒரே இருப்பில் தைத்திருக்கிறார்! பிள்ளைகளுக்கு இது எப்போதோ தெரியும். ரீச்சர் வாயே திறந்ததில்லை. இன்று என் முன்னால் சொன்னார்.

“பேரனுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில ஊசி எண்ட சொல்லைக் கேட்டாலே குழறுவான். அவனுக்குப் பக்கத்தில இருந்து நான் எப்பிடி ஊசி எடுக்கிறது? வீட்டை வந்த அண்டிரவு கையில அகப்பட்டது பச்சை. இருந்து தைச்சு முடிச்சிட்டுத்தான் படுத்தன்.”

பேரன் தகரத்தை நாலாவது தடவையாகத் திறந்துகொண்டிருந்தான்.

நீலகிரியில் தோடர் பெண்கள் கோடு கீறாமல், துணியின் இழையை எண்ணி எண்ணி, பின்பக்கமாகவே தைப்பவர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். 2013இல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்களுடைய படம் ஒன்றை ரீச்சர் கைபேசியில் வைத்திருக்கிறார், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல. “அவையின்ர பின்பக்கத்தைச் சபையில காட்டலாம்” என்றார். எனக்கென்னவோ இவருடைய பச்சை நூலைத்தான் சபையில் காட்டவேண்டும் போலிருந்தது.

தேத்தண்ணி வந்தது. மேசையில் வைக்கத் தடை! துணியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தரையில் இருந்துதான் குடிக்கவேண்டும். குடித்துக்கொண்டே, போர்த்தியிருந்த அந்தத் தலையணை உறையைக் கேட்டேன். ரீச்சரின் அம்மா தைத்தது. இரண்டு கிளி, நடுவில் ஒரு மாங்கொத்து, ஓரமெல்லாம் சங்கிலித் தையல். 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது பிறப்புப் பத்திரங்களும் சான்றிதழ்களும் அதற்குள்தான் இருந்தன. கல்யாண அல்பம் வழியில் போய்விட்டது. உறை நெஞ்சோடு கட்டியபடி செட்டிகுளம் முகாம்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஒரு கிளிக்குக் கண் இல்லை. அதை மட்டும் ரீச்சர் திருத்தவில்லை.

வன்னியில் அம்மாக்கள் தங்கள் கதையைத் தங்கள் கையாலேயே குறித்து வைப்பது புதிதில்லை. 2012, 2013இல் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னெடுத்த ‘ஹெர்ஸ்டோரீஸ்’ ஆவணப்படுத்தலில் இந்தப் பக்கத்து அம்மாக்களின் கையெழுத்துக் கடிதங்களும் அவர்கள் வரைந்த நினைவு வரைபடங்களும் சேர்ந்திருக்கின்றன. ஊசியால் எழுதியவர்களும் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் எலிசபெத் பார்க்கர் என்ற வேலைக்காரப் பெண், 1830 அளவில், தன் துயரம் முழுவதையும் வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் எழுத்தெழுத்தாகப் பெருக்கல் தையலில் தைத்தாள். வசனம் பாதியில் நிற்கிறது. அந்தத் துணி இன்று லண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் இருக்கிறது. இதை நான் சொல்லி முடித்ததும் கடைசிப் பிள்ளை கேட்டாள்: “பின்பக்கம் எப்பிடி இருக்குமாம்?” இந்த அறையில் வளர்கிற பிள்ளை வேறெதைக் கேட்பாள்!

பாதியில் நின்ற துணி ரீச்சரிடமும் ஒன்று உண்டு. அலுமாரி அடித்தட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். 2022இல் தொடங்கிய முதல் முயற்சி. அந்தப் பங்குனியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது நினைவிருக்கும். கடைசிச் சின்னங்கள் எல்லாம் 403, கறுப்புச் சதுரங்கள். பிறகு துணி வெறுமை. “எறிய மனம் வரேல்லை” என்று மடித்து வைத்துவிட்டார்.

இப்போது அடுத்த வருடத் திட்டம்! இதற்குத்தான் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வெளியே வருகிறது. பக்கங்களில் பென்சில் கீறல், நூல் மாதிரி, கடைக் கணக்கு, ஒரு இடத்தில் மீன்குழம்புக் கறை. ஒருத்திக்கு மாதத்துக்கொரு வன்னி மரம் வேண்டும்: பாலை, வீரை, முதிரை, கருங்காலி. கருங்காலிக்கு எத்தனை கட்டு 403 தேவைப்படும் என்று உடனே சண்டை. இன்னொருத்தி வீட்டில் ஒவ்வொரு நாளும் என்ன கறி என்று தைக்கப் போகிறாளாம். “ஒரு மாதம் முழுக்கப் பருப்பெண்டா மஞ்சள் நூல் லாபம்” என்று யாரோ சொல்ல, அவள் அடிக்கக் கை ஓங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கூடவே ஒரு கூச்சல்: “ஊசி விழுந்திட்டுது!”

எல்லோரும் சிலையானார்கள். இந்த வீட்டுச் சட்டம் அது. ஊசி விழுந்தால் அதை எடுக்கும்வரை ஒருவரும் காலைத் தூக்கக் கூடாது, பேரன் வெறுங்காலோடு திரிகிறவன். கைபேசி வெளிச்சங்கள் தரையில் ஊர்ந்தன. ஒருத்தி துணியில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று குண்டூசியும் ஒரு கொளுவியும் அகப்பட்டன. ஊசி மட்டும் இல்லை. கடைசியில் பூனையின் பக்கத்தில், மெசின் மேசையில், நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. விழவே இல்லை!

வெளிச்சம் வந்ததும் கடைசிப் பிள்ளை தன் திட்டத்தைச் சொன்னாள். மிக மெதுவாகச் சொன்னாள். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம். கிழமைக்கு ஒரு வரி, அடிக்கு ஒரு தையல். குளம் முட்டினால் 36 அடி, ஆகவே 36 தையல். சிறுபோகத்துக்குத் தண்ணி விட விட வரி கட்டையாகும். மழை வர நீளும். வருட முடிவில் 52 வரி.

ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. தகரத்தைத் திறந்து நீலங்களை எடுத்து மடியில் பரப்பத் தொடங்கினார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த அறையில் கிடையாது.

“இண்டைக்கு எவ்வளவு நிக்குது?”

பிள்ளை மாமாவுக்குத் தகவல் அனுப்பினாள். அவர் குளத்துப் பக்கம் வயல் செய்கிறவர். பதில் வந்தது: 35 அடி 4 அங்குலம். 35 தையல் சரி. நாலு அங்குலத்துக்கு என்ன செய்வது? விட்டுவிடலாம் என்றாள் ஒருத்தி. கூட்டி 36 ஆக்கலாம் என்றாள் மற்றவள். “குளம் முட்டாமல் முட்டினதெண்டு தைக்கிறதே? 2018 மார்கழி வெள்ளம் மறந்து போச்சோ? அங்குலமெல்லாம் கணக்குத்தான்” என்றார் ரீச்சர்.

பிறகு கண்ணாடியைப் போட்டார். ஒரு வெட்டுத்துண்டை எடுத்து, நீல நூலில் ஒரே ஒரு இழையைப் பிரித்து, ஒரு தையலின் மூன்றில் ஒரு பங்கு தைக்கத் தொடங்கினார். நெல்மணியைவிடச் சிறிது. முதல் தடவை நீண்டுவிட்டது, பிரித்தார். இரண்டாம் தடவை துணி சுருங்கியது, பிரித்தார். நாங்கள் ஆறு தலைகளையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அந்த ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. பிள்ளை துணியை வாங்கி, முதல் வேலையாக, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.